ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடும்? (டெக்னிக்கல் சேல்ஸ் இன்டர்வியூவுக்குப் போகிறவர்களுக்கு)

பிளேஸ்மென்ட் சீசன் வந்தாச்சு. நோட்டீஸ் போர்டில் "சேல்ஸ் இன்ஜினியர்" என்று ஒரு வேலை வந்தால் நம்ம கிளாஸில் பாதிப் பேர் பெயரே கொடுக்க மாட்டோம். "நாலு வருஷம் படிச்சது ஊர் ஊரா போய் விக்கவா?" என்பதுதான் காரணம். என் வீட்டிலும் அதே கேள்விதான் வந்தது. மீதிப் பாதிப் பேர், "நல்லா பேசினா போதும், ஈஸியா கிடைச்சிடும்" என்று நினைத்துப் பெயர் கொடுப்போம். நான் அந்த இரண்டாவது கூட்டம்.

இரண்டு கூட்டமும் நினைப்பது தப்பு என்று எனக்கு ஒரு பம்ப் கம்பெனி இன்டர்வியூவில் புரிந்தது. அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்று இங்கே எழுதுகிறேன், உங்களுக்காவது உதவட்டும். நடுவில் கொஞ்சம் கணக்கு வரும். பேனாவோடு உட்காருங்க.

முதலில், இது என்ன வேலை?

இங்கே கஸ்டமர் என்பது பெரும்பாலும் வீடு இல்லை. மில், ஆஸ்பத்திரி, பில்டர், சாயப்பட்டறை, அப்பார்ட்மென்ட் சங்கம் இப்படி. விற்கிற பொருள் பம்ப், வால்வு, கம்ப்ரஸர், பேரிங், சென்சார், சாஃப்ட்வேர் என்று எதுவாகவும் இருக்கலாம். பொதுவான விஷயம் ஒன்றுதான்: அந்தப் பொருளை அலமாரியில் பார்த்து எடுத்துக்கொண்டு போக முடியாது. கஸ்டமருக்குத் தன் பிரச்சினை தெரியும். எந்த மாடல் அதைத் தீர்க்கும் என்று தெரியாது. அதைக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் உங்கள் வேலை. அதற்குத்தான் இன்ஜினியர்.

சில கம்பெனிகளில் விற்பவர் வேறு, மாடலைத் தேர்வு செய்பவர் வேறு. தேர்வு செய்பவரை அப்ளிகேஷன் இன்ஜினியர் என்பார்கள். சாஃப்ட்வேர் கம்பெனிகளில் இதே வேலைக்கு ப்ரீ-சேல்ஸ் என்று பெயர். டீலர்களை மட்டும் கவனிக்கிற வேலைக்கு சேனல் சேல்ஸ். நோட்டீஸில் எல்லாமே "சேல்ஸ்" என்றுதான் இருக்கும். எது என்று முதலிலேயே கேட்டுத் தெரிஞ்சுக்குங்க.

இன்னொன்று. ஒரு விற்பனையில் கஸ்டமர் பக்கம் ஒருத்தர் இருக்க மாட்டார். மெயின்டனன்ஸ் ஃபோர்மேனுக்கு அடிக்கடி ரிப்பேர் ஆகக் கூடாது. பர்ச்சேஸ்காரருக்கு விலை குறையணும். அக்கவுன்ட்ஸில் போட்ட பணம் எப்போ திரும்பும் என்று கேட்பார்கள். முதலாளிக்கு உற்பத்தி நிற்கக் கூடாது. ஒரே பதிலை நாலு பேருக்கும் சொன்னால் எடுபடாது.

முதல் இருபது நிமிஷம்

எதிரில் இரண்டு பேர். ஒருவர் ரீஜினல் மேனேஜர், இன்னொருவர் எச்.ஆர். மேடம். முதலில் பாடம்தான் கேட்டார்கள். சென்ட்ரிஃபியூகல் பம்புக்கு ஏன் ப்ரைமிங் வேண்டும், இரண்டு பம்பை சீரீஸில் போட்டால் என்ன ஆகும், பேரலலில் போட்டால் என்ன ஆகும். சீரீஸில் ஹெட் கூடும், பேரலலில் ஓட்டம் கூடும். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

"கேவிடேஷன்னா என்ன?"

சக்ஷனில் அழுத்தம் திரவத்தின் ஆவி அழுத்தத்துக்குக் கீழே போனால் குமிழி உண்டாகும், அது அழுத்தம் கூடின இடத்தில் உடைந்து இம்பெல்லரை அரிக்கும். புத்தகத்தில் இருப்பது அப்படியே.

"ஒரு கஸ்டமர் போன் பண்றார். பம்புக்குள்ள ஜல்லி ஓடற மாதிரி சத்தம் வருதுங்கறார். நீங்க என்ன கேப்பீங்க?"

நான் பேரிங் போயிருக்கும் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பேப்பரில் ஏதோ குறித்துக்கொண்டார். ரூமை விட்டு வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. ஜல்லிச் சத்தம்தான் கேவிடேஷனுக்கு எல்லாரும் சொல்கிற அடையாளம். ஒரு நிமிஷம் முன்னால் அதன் விளக்கத்தைச் சொன்ன நானே அடையாளம் தெரியாமல் நின்றிருக்கிறேன். கேட்டிருக்க வேண்டியவை: சம்ப்பில் தண்ணீர் மட்டம் இறங்கியிருக்கா? ஃபுட் வால்வு அடைச்சிருக்கா? சக்ஷன் பைப் எவ்வளவு நீளம்?

ரோல்-ப்ளே

அடுத்து மேனேஜர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்கார்ந்தார்.

"இப்போ நான் அப்பார்ட்மென்ட் செக்ரட்டரி. ரிடையர்ட் தமிழ் வாத்தியார்னு வெச்சுக்கோங்க. 10 மாடி, 60 வீடு. சம்ப்ல இருந்து மொட்டை மாடி டேங்குக்கு தண்ணி ஏத்தணும். மணிக்கு 36,000 லிட்டர், மொத்த ஹெட் 40 மீட்டர். உங்க பம்ப் 60,000 ரூபாய்ங்கறீங்க. பக்கத்துக் கடைக்காரன் 40,000-க்கு தர்றான். நான் எதுக்கு தம்பி உங்ககிட்ட வாங்கணும்?"

நான் இதற்குத்தான் தயாராகி வந்திருந்தேன். எழுந்து போர்டுக்கே போயிட்டேன். கணக்கு இதுதான்.

மணிக்கு 36,000 லிட்டர் என்றால் விநாடிக்கு 10 லிட்டர், அதாவது 0.01 கன மீட்டர். தண்ணீரை ஏற்றத் தேவையான சக்தி = அடர்த்தி × புவியீர்ப்பு × ஓட்டம் × ஹெட் = 1000 × 9.81 × 0.01 × 40 = 3,924 வாட். சுமாராக 3.92 கிலோவாட்.

கடைக்காரர் பம்பின் எஃபிஷியன்சி 50 சதவீதம், எங்களுடையது 65 சதவீதம், மோட்டார் இரண்டுக்கும் 88 சதவீதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அவர் பம்ப் இழுக்கும் கரண்ட்: 3.92 ÷ 0.50 ÷ 0.88 = 8.9 கிலோவாட்.
எங்கள் பம்ப்: 3.92 ÷ 0.65 ÷ 0.88 = 6.9 கிலோவாட்.
வித்தியாசம் சுமார் 2.06 கிலோவாட்.

ஒரு நாளைக்கு 16 மணி நேரம், வருஷத்துக்கு 365 நாள் என்றால் 5,840 மணி நேரம். மிச்சம் ஆவது சுமார் 12,000 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 96,000 ரூபாய். கூடுதலாகக் கொடுத்த 20,000 ரூபாய் இரண்டரை மாதத்தில் திரும்பிடும்!

பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன். செக்ரட்டரி முதலில் கேட்டது: "எஃபிஷியன்சின்னா என்ன தம்பி?"

"திறன்..." என்றேன். அதற்கு மேல் வரவில்லை. எல்.கே.ஜி.யில் இருந்து இங்கிலீஷ் மீடியம். போர்டில் எழுதினதை ஒரு தமிழ் வாத்தியாருக்குப் புரிகிற மாதிரி சொல்லத் தெரியவில்லை. "அதே தண்ணிய ஏத்த எங்க பம்ப் கரண்ட் கம்மியா இழுக்கும் சார்." இவ்வளவுதான் சொல்லியிருக்க வேண்டும். இந்த வரி எனக்குக் கிடைத்தது பஸ்ஸில் திரும்பி வரும்போது.

இரண்டாவது கேள்விதான் அடி. "16 மணி நேரம் ஓடும்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. பாடப் புத்தகக் கணக்குகளில் ஃபேக்டரி 16 மணி நேரம் ஓடும். அந்தப் பழக்கத்தில் போட்டுவிட்டேன்.

"60 வீடுன்னு முதல்லயே சொன்னேனே." அவரே பேனாவை வாங்கி என் கணக்குக்குக் கீழே எழுதினார். வீட்டுக்கு 4 பேர். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு அரசு வழிகாட்டி சொல்வது ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர். 60 × 4 × 135 = 32,400 லிட்டர். மணிக்கு 36,000 லிட்டர் தரும் பம்ப் அதை 54 நிமிஷத்தில் ஏற்றிவிடும்.

16 மணி நேரம் இல்லை. ஒரு மணி நேரம் கூட இல்லை.

ஒரு மணி நேரம் என்றே வைத்து என் கணக்கைத் திரும்பப் போடுங்கள். வருஷத்துக்கு 365 மணி நேரம், மிச்சம் சுமார் 750 யூனிட், 6,000 ரூபாய். 20,000 ரூபாய் திரும்ப மூன்று வருஷத்துக்கு மேல் ஆகும். சூத்திரம் மாறவில்லை, பம்பும் மாறவில்லை. ஓடும் நேரம் மட்டும் மாறினதில் இரண்டரை மாதம் மூன்று வருஷத்துக்கு மேல் போய்விட்டது.

பதற்றத்தில் அடுத்த தப்பைச் செய்தேன். "சார், வி.எஃப்.டி. போட்டா கரண்ட் பாதியாயிடும்" என்றேன். வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் சக்தி அதன் மூன்றாவது அடுக்கில், அதாவது 51 சதவீதமாகக் குறையும் என்று படித்திருக்கிறோம் இல்லையா? அதை நம்பிச் சொன்னேன்.

"40 மீட்டர் ஹெட்ல 34 மீட்டர் வெறும் உயரம். பம்போட ஷட்-ஆஃப் ஹெட் 50 மீட்டர். 80 சதவீத வேகத்துல என்ன ஆகும்?"

ஹெட் வேகத்தின் இரண்டாவது அடுக்கில் குறையும். 50 × 0.64 = 32 மீட்டர். ஏற வேண்டிய உயரம் 34. தண்ணீர் டேங்குக்கே போகாது. நான் விற்கப் பார்த்தது, மோட்டார் சுற்றும் ஆனால் தண்ணீர் வராத ஒரு ஏற்பாடு! மூன்றாவது அடுக்கு விதி தப்பில்லை. ஏசி பிளான்டில் குளிர்ந்த நீரைச் சுற்றிவிடுகிற மாதிரி, பைப்பின் உராய்வு மட்டுமே பெரிய எதிர்ப்பாக உள்ள இடங்களில் அது அருமையாக வேலை செய்யும். உயரத்துக்கு ஏற்றுகிற இடத்தில் அப்படியே பொருத்தக் கூடாது.

"சரி, இப்போ சொல்லுங்க. நான் யார்கிட்ட வாங்கட்டும்?"

"எங்க பம்ப் ரொம்ப நாள் உழைக்கும் சார்."

"இது உங்களுக்குத் தெரியுமா, இல்ல வாய்ல வந்ததா?"

வாயில் வந்ததுதான். என்னிடம் எந்த விவரமும் இல்லை. அதை ஒத்துக்கொள்ளவும் தைரியம் வரவில்லை. இந்த இடத்தை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது. கணக்கில் தப்பு பண்ணினால் திருத்திக்கொள்ளலாம். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லி ஒருத்தர் பணத்தைச் செலவழிக்க வைப்பது வேறு ரகம்.

கடைசியில் அவர் கோபப்படாமல் சொன்னார். "பம்பை ஏன் மாத்தறீங்கன்னு நீங்க கேக்கவே இல்ல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். வெயில் காலத்துல சம்ப் வத்திப்போகுது. வாட்ச்மேன் பாக்காம விட்டா பம்ப் தண்ணியில்லாம ஓடி சீல் போயிடுது. சரி பண்ண மூணு நாள் ஆகுது. அந்த மூணு நாளும் 60 வீட்டுக்காரங்களும் எனக்குத்தான் போன் பண்றாங்க."

யோசிச்சுப் பாருங்க. அந்த மனிதருக்குக் கரண்ட் பில் பிரச்சினையே இல்லை. அவருக்கு வேண்டியது சம்ப் வற்றினால் மோட்டாரைத் தானே நிறுத்துகிற லெவல் கன்ட்ரோல், ஒன்று கெட்டால் இன்னொன்று ஓட ஒரு ஸ்டாண்ட்-பை பம்ப், கூப்பிட்டால் அன்றைக்கே வருகிற சர்வீஸ் ஆள். இதில் நல்ல வியாபாரமே இருந்தது. நான் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்ததால் ஆளைப் பார்க்கவில்லை.

ஹாஸ்டல் பம்ப் ரூம்

ரிசல்ட்டில் என் பெயர் இல்லை. இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் ஹாஸ்டல் பம்ப் ரூமுக்குப் போனேன். நாலு வருஷமாக அந்தத் தண்ணீரில்தான் குளிக்கிறேன், ஒரு தடவையும் உள்ளே போனதில்லை.

அங்கே இருந்த ஆபரேட்டர் அண்ணாவிடம் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையே கேட்டேன். டெலிவரி வால்வு பாதி மூடியே இருந்தது. ஏன் என்றதற்கு, "முழுசா திறந்தா மோட்டார் ட்ரிப் ஆயிடும்பா" என்றார். செமஸ்டர் பரீட்சையில் பம்ப் கர்வ் வரைந்து மார்க் வாங்கியிருக்கிறேன். அதன் அர்த்தம் அங்கேதான் தெரிந்தது. யாரோ "எதுக்கும் இருக்கட்டும்" என்று தேவைக்கு அதிகமான ஹெட் உள்ள பம்பை வாங்கியிருக்கிறார்கள். உண்மையான எதிர்ப்பு குறைவு. அதனால் வால்வைத் திறந்தால் ஓட்டம் எகிறி, கர்வின் வலது ஓரத்துக்குப் போய், மோட்டார் ஓவர்லோடு ஆகிறது. பாதி மூடி வைப்பது செயற்கையாக எதிர்ப்பைக் கூட்டுவது. கரண்டைச் செலவழித்து அழுத்தத்தை உண்டாக்கி வால்விலேயே வீணாக்குகிறோம். இம்பெல்லரை லேத்தில் கடைந்து விட்டத்தைக் குறைப்பது இதற்கு ஒரு தீர்வு. புது பம்பே தேவைப்படாது.

அண்ணாவுக்கு இந்தப் பெயர்கள் எதுவும் தெரியாது. ஆனால் எனக்கு வேண்டிய விவரம் எல்லாம் அவரிடம்தான் இருந்தது. கேட்டதும் சொன்னார்.

கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

அன்றைக்கு ராத்திரி எழுதினது. பம்புக்கு மட்டும் இல்லை, வார்த்தையை மாற்றினால் எதற்கும் பொருந்தும்.

1. இப்போ என்ன இருக்கு? ஏன் மாத்தறீங்க? உண்மையான பிரச்சினை பெரும்பாலும் இந்தப் பதிலில் வந்துவிடும்.
2. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடும்? இது தெரியாமல் "மிச்சம் ஆகும்" என்ற வார்த்தையைச் சொல்லாதீங்க.
3. உள்ளே ஓடுவது என்ன? நல்ல தண்ணியா, மணல் கலந்ததா, சுடுதண்ணியா, கெமிக்கலா? மெட்டீரியலும் சீலும் இதைப் பொறுத்து மாறும்.
4. எங்கே வைக்கப் போறீங்க? சக்ஷன், இடம், கரண்ட் சப்ளை. முடிந்தால் நேரில் பாருங்க.
5. இது நின்னு போனா என்ன ஆகும்? ஆஸ்பத்திரியில் நின்றால் ஒரு மாதிரி, தோட்டத்தில் நின்றால் வேற மாதிரி.
6. யார் ஓட்டறாங்க? கெட்டா யார் சரி பண்றாங்க?
7. யார் யார் ஒத்துக்கணும்? எப்போ வேணும்?

இதற்கு ஒரு புத்தகமும் இருக்கிறது. நீல் ராக்கம் எழுதி 1988-இல் வந்த ஸ்பின் செல்லிங். சூழ்நிலை, பிரச்சினை, அதன் விளைவு, தீர்ந்தால் கிடைக்கும் பயன் என்ற வரிசையில் கேள்விகளை அமைக்கச் சொல்கிறது. மேலே உள்ள ஐந்தாம் கேள்வி விளைவைக் கேட்பது. செக்ரட்டரியிடம் அதைக் கேட்டிருந்தால் அந்த 60 போன் கால் கதை வந்திருக்கும்.

இரண்டாவது இன்டர்வியூ

அடுத்தது ஒரு கம்ப்ரஸர் கம்பெனி. இங்கேயும் ரோல்-ப்ளே. எதிரில் இருந்தவர் பிளான்ட் மேனேஜராக மாறி, "காத்து பத்தல. இதைவிடப் பெரிய கம்ப்ரஸர் வேணும், ரேட் சொல்லுங்க" என்றார்.

ரேட் சொல்லவில்லை. "சார், ஞாயித்துக்கிழமை மிஷின் எல்லாத்தையும் நிறுத்தினப்புறம் கம்ப்ரஸரை மட்டும் ஓட விட்டுப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன். காற்றை யாரும் பயன்படுத்தாத நேரத்தில் கம்ப்ரஸர் லோடு ஆகிறது என்றால் அவ்வளவும் லீக்குக்குப் போகிறது. அவர், "2 நிமிஷம் லோடு, 6 நிமிஷம் அன்லோடு" என்றார். லீக் = லோடு நேரம் ÷ மொத்த நேரம் = 2 ÷ 8 = 25 சதவீதம். கம்ப்ரஸர் தரும் காற்றில் கால் பங்கு பைப் ஜாயின்டில் போகிறது.

"முதல்ல லீக்கை அடைங்க சார். அதுக்கப்புறமும் பத்தலைன்னா எவ்வளவு பத்தலைன்னு அளந்து, அந்த சைஸ் சொல்றேன்."

"அப்போ இன்னிக்கு எனக்கு ஒண்ணும் விக்க மாட்டீங்களா?"

"இன்னிக்கு பெரிய கம்ப்ரஸர் விக்க மாட்டேன் சார்." சொல்லும்போது கை வேர்த்தது. சேல்ஸ் வேலைக்கு வந்து விற்க மாட்டேன் என்று சொன்னவனை எடுப்பார்களா என்று தெரியவில்லை. எடுத்தார்கள். ஜூலையில் சேர்கிறேன்.

நீங்களும் அவர்களைக் கேளுங்க

ஆஃபர் கையில் வரும் முன் தெளிவாகக் கேட்க வேண்டியவை: எந்த ஏரியா? மாதம் எத்தனை நாள் வெளியூர்? சம்பளத்தில் நிச்சயமானது எவ்வளவு, இன்சென்டிவ் எவ்வளவு? டார்கெட் எப்போதிலிருந்து? பயணப்படி எப்படி? சொந்த பைக் வேண்டுமா? டிரெயினிங் எத்தனை மாதம்? பாண்ட் இருக்கா? இதையெல்லாம் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று பயப்படாதீங்க. கேள்வி கேட்கிறவரைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இன்டர்வியூவில் "விக்க மாட்டேன்" என்று சொல்வது சுலபம், அங்கே எனக்கு டார்கெட் இல்லை. அடுத்த மார்ச் கடைசி வாரத்தில், டார்கெட் பாக்கி இருக்கும்போது, ஒருத்தர் தேவையில்லாத பெரிய மெஷினைக் கேட்டால் இதே பதில் என் வாயில் வருமா? வரணும் என்று ஆசைப்படுகிறேன்.

வீட்டில் இன்னும், "கடைசியில சேல்ஸ்தானே?" என்றுதான் கேட்கிறார்கள். இப்போது தமிழில் விளக்க முடிகிறது.

உங்களுக்கு ஒரு ஹோம்வொர்க். இந்த வாரம் உங்கள் ஹாஸ்டல் அல்லது அப்பார்ட்மென்ட் பம்ப் ரூமுக்குப் போங்க. நேம் பிளேட்டில் உள்ள ஹெட், ஓட்டம், எச்.பி. மூன்றையும் எழுதுங்க. அங்கே இருப்பவரிடம் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடும் என்று கேளுங்க. மேலே போட்ட கணக்கைப் போட்டு, அதை அவருக்கே தமிழில் சொல்லிப் பாருங்க. அவர் தலையாட்டினால் நீங்க இன்டர்வியூவுக்கு ரெடி.